'கூ': ஒரு பிரெஞ்சுச் சொல்லும் அதன் தோழர்களும்

நன்னூல் கூறும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42இல் 'கூ' என்பதும் ஒன்று. அதற்குப் பூமி என்று பொருள். பாடப்பகுதியில் வருவதால் மாணவர்கள் படிக்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். ஆனால் அன்றாடப் பேச்சில் இன்று யாரும் அதைச் சொல்வதில்லை.

பிரெஞ்சு மொழியிலும் 'கூ' என்று ஒலிக்கும் பெயர்ச்சொல் ஒன்று உண்டு. அது வீடு, கடைவீதி, விளையாட்டுத் திடல், செய்தித்தாள் என எல்லா இடத்திலும் புழங்கும் சொல். அகராதியைத் திறந்தால் முதற்பொருளாக 'அடி' என்றிருக்கும். பிரெஞ்சு கற்கத் தொடங்கும் மாணவர் தம் குறிப்பேட்டில் 'கூ = அடி' என்று எழுதி மனப்பாடம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே அவர் ஒரு வாக்கியத்தைச் சந்திக்கிறார்: 'பாஸ் முவா அன் கூ த ஃபில்'. 'ஃபில்' என்றால் நூல் அல்லது கம்பி. மனப்பாடம் செய்த பொருளைப் பொருத்தினால் 'எனக்கு ஒரு கம்பி அடி கொடு' என்று வருகிறது. உண்மையில் அந்த வாக்கியத்தின் பொருள், 'எனக்கு ஒரு போன் அடி' என்பதுதான்.

இந்த இடத்தில் பல மாணவர்கள் தளர்ந்துபோகிறார்கள். பொருளைச் சரியாகத்தான் படித்தார்கள், வாக்கியம் மட்டும் புரியவில்லை. 'எனக்கு மொழி வராது' என்ற முடிவுக்கு ஒரு குழந்தை வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். பிரெஞ்சுக்கு மட்டுமன்றி நாம் கற்பிக்கும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இது பொருந்தும். எனவே 'கூ' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லின் பொருளை எப்படிக் கற்பது என்று பார்ப்போம்.

ஒலியும் எழுத்தும்

பிரெஞ்சில் இச்சொல்லுக்கு நான்கு எழுத்துகள். கடைசி எழுத்தான 'பே' (ஆங்கிலத்தில் 'பி') எழுதப்படும், ஒலிக்கப்படாது. கழுத்தைக் குறிக்கும் சொல்லும் விலையைக் குறிக்கும் சொல்லும் இதே போல 'கூ' என்றுதான் ஒலிக்கின்றன. எழுத்தில் மூன்றும் வேறு வேறு. பன்மையில் எழுத்து கூடும், ஒலி மாறாது. முன்னால் வருவது 'ல' என்றால் ஒருமை (ல கூ), 'லே' என்றால் பன்மை (லே கூ). ஆக, தனியே காதில் விழும் 'கூ' அடியா, கழுத்தா, விலையா, ஒன்றா, பலவா என்று எதையும் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் சொல்தான் சொல்ல வேண்டும்.

இக்கட்டுரையில் வரும் 'த' பெரும்பாலும் 'மந்தை' என்ற சொல்லில் ஒலிப்பது போல மென்மையாக ஒலிக்கும். தமிழ் எழுத்தில் தரும் ஒலிப்பு நெருக்கமானதே தவிர முழுமையானது அன்று. கற்பவர்கள் ஒலிவசதியுள்ள அகராதியில் கேட்டுப் பழகுவது நல்லது.

கூப்பன் முதல் கூபே வரை

கிரேக்கத்தில் 'கொலஃபொஸ்' என்றால் கன்னத்தில் விழும் அறை, கைக்குத்து. அது இலத்தீனுக்கு வந்து, பேச்சுவழக்கில் தேய்ந்து 'கொல்புஸ்' ஆனது. அதிலிருந்து இத்தாலிய மொழியில் 'கோல்ப்போ', ஸ்பானிய மொழியில் 'கோல்ப்பே', பிரெஞ்சில் 'கூ' என மூன்று உறவுச் சொற்கள் பிறந்தன. பிரெஞ்சுச் சொல்லின் ஒலிக்காத 'பே' எழுத்து அந்தப் பழைய வடிவத்தின் எச்சம்.

'கூ'விலிருந்து 'கூப்பே' என்ற வினைச்சொல் தோன்றியது. 'வெட்டு' என்பது அதன் பொருள். வெட்டியெடுத்த துண்டு பிரெஞ்சில் 'கூப்போன்'. அதுதான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் 'கூப்பன்' ஆயிற்று. ரயிலின் முதல் வகுப்பில் இருவர் மட்டும் பயணிக்கும் சிறு அறையைக் 'கூபே' என்கிறோமே, அதுவும் 'வெட்டப்பட்டது' என்ற பொருளில் இதே வினையிலிருந்து வந்த சொல்தான். 'மெர்சி போகூ' (மிக்க நன்றி) என்ற தொடரைப் பலர் கேட்டிருப்போம். அதிலுள்ள 'போகூ'வைப் பிரித்தால் 'போ' (அழகிய, நல்ல) + 'கூ'. 'நல்லதோர் அடி' என்பதே நாளடைவில் 'மிகுதி' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. இன்று அதைச் சொல்லும் பிரெஞ்சுக்காரர் யாரும் அடியை நினைப்பதில்லை.

தொல்காப்பியம் தரும் மூன்று திறவுகோல்கள்

பல பொருள் உடைய ஒரு சொல் வாக்கியத்தில் எந்தப் பொருளில் வந்துள்ளது என்பதை எப்படி அறிவது? தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இதற்கு விடை சொல்கிறது. வினை, இனம், சார்பு ஆகிய மூன்றும் பொருளைத் தெளிவாக்கும் என்பது அதன் கருத்து. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. இங்கே வினை வழிகாட்டுகிறது. இந்த மூன்று திறவுகோல்களும் பிரெஞ்சு 'கூ'வையும் திறக்கின்றன.

முதல் திறவுகோல்: வினை

'கூ'வோடு எந்த வினை வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 'தொனே' (கொடு) என்ற வினை வந்தால் அடிப்பது, குத்துவது, அல்லது ஏதோ ஒன்றைச் சட்டென்று செய்துமுடிப்பது. 'புவார்' (குடி) வந்தால் 'கூ' ஒரு மிடறு பானம் ஆகிவிடும். நம் பேச்சுவழக்கிலும் குடிப்பதற்கு 'அடி' உண்டு என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை! 'தெனீர்' (பிடித்துக்கொள்) வந்தால், 'தெனீர் ல கூ', அதாவது துன்பத்தில் தளராமல் தாக்குப்பிடிப்பது. 'ஸா வோ ல கூ' என்பதில் வருவது 'மதிப்புடையது' என்ற வினை. 'இது பாடுபடத் தகுந்ததுதான்' என்பது அதன் பொருள்.

இரண்டாம் திறவுகோல்: இனம்

'கூ'வின் வளம் முழுவதும் அதன் பின்னே 'த' என்ற இணைப்புச் சொல்லோடு வரும் தோழமைச் சொற்களில் இருக்கிறது. அவற்றை இனம் இனமாகப் பிரித்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

உடலும் ஆயுதமும்: 'கூ த புவேன்' கைக்குத்து. 'கூ த பியே' உதை. 'கூ த ஃபூ' துப்பாக்கிச் சூடு ('ஃபூ' என்றால் நெருப்பு). 'கூ த தெத்' தலையால் முட்டுவது. இதே தொடர் யோசிக்காமல் அவசரத்தில் எடுக்கும் முடிவையும் குறிக்கும்.

கருவிகள்: 'கூ த பலே' துடைப்பத்தால் ஒரு பெருக்குப் பெருக்குவது. 'கூ த ஃபேர்' சட்டையை ஒரு தேய்ப்புத் தேய்ப்பது. 'கூ த ஃபில்' தொலைபேசியில் அழைப்பது. இங்கே யாரையும் எதையும் அடிக்கவில்லை. ஒரு கருவியை எடுத்து, விரைவாக ஒரு முறை பயன்படுத்திவிட்டு வைப்பதே கருத்து.

இயற்கை: 'கூ த வான்' திடீரென வீசும் காற்று. 'கூ த தொனேர்' இடிமுழக்கம். 'கூ த ஸொலேய்' வெயிலில் தோல் சிவந்து எரிவது. 'கூ த ஃபூத்ர்' மின்னல் தாக்குதல். ஆனால் அன்றாடப் பேச்சில் இது பெரும்பாலும் கண்டதும் காதலைக் குறிக்கும்.

உதவியும் விருப்பமும்: 'மேன்' என்றால் கை. 'கூ த மேன்' ஒருவருக்குக் கைகொடுத்து உதவுவது. 'பூஸ்' என்றால் கட்டைவிரல். 'கூ த பூஸ்' முன்னேறத் தவிப்பவரைச் சற்றே தள்ளிவிடும் சிறு உதவி. 'கேர்' என்றால் இதயம். 'கூ த கேர்' மனத்தைச் சட்டெனக் கவர்ந்த ஒன்று. பிரான்சின் புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் பணியாளர்கள் தங்களுக்குப் பிடித்த நூல்களின் மேல் இந்தச் சொல்லோடு ஒரு சிறு பரிந்துரைச் சீட்டை ஒட்டி வைப்பது வழக்கம்.

காலம்: 'தூ தா கூ' திடீரென்று. 'கூ ஸுர் கூ' ஒன்றன்பின் ஒன்றாக. 'து ப்ரமியே கூ' முதல் முயற்சியிலேயே. 'அப்ரே கூ' எல்லாம் நடந்து முடிந்த பிறகு. இங்கே 'கூ' ஒரு தடவை, ஒரு வேளை என்ற அளவுக்கு மெலிந்துவிட்டது.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுச்சாயல் தெரியும். சட்டெனத் தொடங்கிச் சட்டென முடியும் ஒற்றைச் செயல், அது விட்டுச்செல்லும் ஒரு விளைவு. கைக்குத்தானாலும் காற்றானாலும் காதலானாலும் இந்தச் சாயல் இருக்கிறது. மாணவர் மனத்தில் பதிய வேண்டியது இச்சாயல்தான். அது பதிந்துவிட்டால், இதுவரை பார்த்திராத 'கூ' தொடர் ஒன்று வந்தாலும் அதன் பொருளை ஓரளவு ஊகித்துவிடலாம்.

மூன்றாம் திறவுகோல்: சார்பு

சார்பு என்பது சூழல். சதுரங்கப் பலகையின் முன் 'கூ' என்றால் ஒரு காய் நகர்த்தல். கால்பந்துத் திடலில் 'கூ ஃப்ரான்' என்றால் தவறிழைத்த அணிக்கு எதிராகத் தரப்படும் உதை வாய்ப்பு. 'கூ த சிஃப்லே' என்றால் நடுவரின் விசில். நாடக அரங்கில் 'மூன்று கூ' என்றால், திரை உயரும் முன் ஒரு தடியால் மேடைத் தரையில் மூன்று முறை தட்டும் பழைய பிரெஞ்சு மரபு. உதவி என்று மேலே பார்த்த 'கூ த மேன்' போர்ச் செய்தியில் வந்தால் எதிர்பாராத திடீர்த் தாக்குதல். தொடர் ஒன்றே, சூழல் மாறியதால் உதவியே தாக்குதலாகிவிட்டது.

செய்தித்தாள் வழியாக உலகெங்கும் பரவிய தொடர் 'கூ தேதா'. 'தேதா'வில் உள்ள 'ஏதா' என்றால் அரசு. 1639இல் கப்ரியேல் நோதே என்ற பிரெஞ்சு அறிஞர் இது பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அந்நூலில் இத்தொடர், அரசின் நலனுக்காக ஆட்சியாளரே இரகசியமாகத் திட்டமிட்டு எடுக்கும் துணிகர நடவடிக்கைகளைக் குறித்தது. பிற்காலத்தில் சட்டத்துக்குப் புறம்பாக ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு அது பெயராயிற்று. 1799 நவம்பர் 9 அன்று நெப்போலியன் போனபார்ட் அதிகாரத்தைப் பிடித்ததையும், 1851 டிசம்பர் 2 அன்று குடியரசுத் தலைவராக இருந்த லூயி நெப்போலியன் நாடாளுமன்றத்தைக் கலைத்து முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்ததையும் வரலாற்று நூல்கள் இந்தச் சொல்லால்தான் குறிக்கின்றன. அரசு செய்யும் 'அடி' என்றிருந்தது, அரசின் மேல் விழும் 'அடி'யாக மாறிய கதை இது. சமூக அறிவியல் வகுப்பில் 'ஆட்சிக்கவிழ்ப்பு' என்ற சொல் வரும்போது இதைச் சொல்லலாம்.

தமிழ்க் குழந்தையின் கையிருப்பு

இவ்வளவையும் படித்ததும் 'ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா, எப்படிக் கற்பது?' என்று தோன்றலாம். ஆனால் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தை இதே அளவு சிக்கலான ஒரு சொல்லை எளிதாகக் கையாள்கிறது. மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, வாடை அடிக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், கோயிலில் மொட்டை அடிக்கிறோம், கோல் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது, இன்னொருவருக்குப் போர் அடிக்கிறது. இவற்றை யாரும் பட்டியலாகக் கற்பிக்கவில்லை. ஒவ்வொன்றையும் அதன் தோழனோடு சேர்த்தே குழந்தை கேட்டது, சேர்த்தே சொன்னது.

ஆகவே புதிய மொழியைக் கற்பிக்கும்போது தாய்மொழி இடையூறு அன்று. 'போன் அடி', 'காற்று அடிக்கிறது', 'அதிர்ஷ்டம் அடித்தது' என்பவற்றுக்கு நேரான 'கூ' தொடர்கள் பிரெஞ்சில் உள்ளன. 'உன் மொழியில் இது ஏற்கெனவே நடக்கிறது' என்று காட்டினால் பாதி அச்சம் நீங்கும்.

அதே வேளையில், ஒப்புமை எங்கே முடிகிறது என்பதையும் காட்ட வேண்டும். 'கூ தெய்' என்பதில் 'தெய்' கண்ணைக் குறிக்கிறது. உடனே 'கண்ணடித்தல்' என்று எழுதத் தோன்றும். அது தவறு. 'கூ தெய்' என்றால் ஒரு பார்வை பார்ப்பது. கண்ணடிப்பதற்குப் பிரெஞ்சில் 'க்ளேன் தெய்' என்று வேறு தொடர் உண்டு. 'கூ த ஸொலேய்' என்பதும் 'வெயில் அடிக்கிறது' அன்று. வெயில் காய்வதை அது குறிக்காது, தோலுக்கு நேர்ந்த பாதிப்பையே குறிக்கும்.

நானூறு அடிகளா?

பிரான்சுவா த்ருஃபோ இயக்கி 1959இல் வெளிவந்த 'லே காத்ர் சான் கூ' என்ற திரைப்படம் உலகப் புகழ் பெற்றது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதையும் அவருக்குப் பெற்றுத்தந்தது. பாரிஸ் நகரப் பள்ளிச் சிறுவன் அந்துவானின் கதை அது. வகுப்பில் கைமாறி வரும் ஒரு படம் அவன் கையில் இருக்கும்போது ஆசிரியர் கண்ணில் படுகிறது, தண்டனை அவனுக்கு. பள்ளிக்கு வராததற்குக் காரணமாகத் தாய் இறந்துவிட்டதாகப் பொய் சொல்கிறான். தட்டச்சுப் பொறியைத் திருடுகிறான். முடிவில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான்.

தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நானூறு அடிகள்'. ஆங்கிலத்தில் அப்படித்தான் பெயர்த்தார்கள். அதைக் கேட்பவர், இது அடிவாங்கும் சிறுவனின் கதை என்றே நினைப்பார். படத்தில் அவன் அறை வாங்கும் காட்சியும் உண்டுதான். ஆனால் பிரெஞ்சில் 'நானூறு கூ செய்வது' என்பது ஒரு மரபுத்தொடர். கட்டுக்கடங்காமல் குறும்பும் கலாட்டாவும் செய்து திரிவது என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான தொடர் நம்மிடமே இருக்கிறது: 'லூட்டி அடிப்பது'. வியப்பு என்னவென்றால், அதிலும் 'அடி' இருக்கிறது! அங்கும் யாரும் யாரையும் அடிப்பதில்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தபோது தொலைந்தது ஒரு நகைச்சுவை மட்டும் அன்று. லூட்டி அடிக்கும் சிறுவன் ஏன் அப்படி இருக்கிறான் என்று கேட்க வைக்கும் தலைப்பு, அடிகளை எண்ண வைக்கும் தலைப்பாகிவிட்டது. ஒரு தொடரைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு குழந்தையையே தவறாகப் புரிந்துகொள்ள நேரும் என்பதற்கு ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. அடி அறுவடை (தொடக்க நிலை): 'அடி' என்ற சொல்லைக் கரும்பலகையின் நடுவில் எழுதுங்கள். குழுக்கள் ஐந்து நிமிடத்தில் எத்தனைத் தோழமைச் சொற்களைச் சொல்ல முடியும் என்று பாருங்கள். பிறகு இயற்கை, விளையாட்டு, உடல்நிலை, வேலை என்று இனம் பிரிக்கச் சொல்லுங்கள். 'எடு', 'விடு', 'போடு', 'பிடி' ஆகிய வினைகளையும் இவ்வாறே செய்யலாம்.

2. மூன்று கட்டக் குறிப்பேடு (நடுநிலை, உயர்நிலை): 'சொல் = பொருள்' என்று இரண்டு கட்டம் போடாமல் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். முதலில் சொல் வந்த முழு வாக்கியம், அடுத்து அச்சொல்லின் தோழன், மூன்றாவதாக 'நம் ஊரில் இதை எப்படிச் சொல்வோம்?'. ஆங்கிலப் பாடத்தின் 'டேக்', 'கெட்', 'ரன்' போன்ற சொற்களுக்கு இது பெரிதும் உதவும். 'டேக் எ பஸ்', 'டேக் எ போட்டோ', 'டேக் கேர்' மூன்றையும் 'எடு' என்ற ஒரே சொல்லால் எழுதிப் பார்த்தாலே மாணவர்கள் சிரித்துக்கொண்டு கற்பார்கள்.

3. பொய்த் தோழன் வேட்டை: 'கண்ணடி' போல, பார்த்தால் ஒன்று போலிருந்து பொருளில் ஏமாற்றும் தொடர்களைத் தேடிச் சேகரிக்கச் சொல்லுங்கள். பிற தாய்மொழி பேசும் மாணவர்கள் வகுப்பில் இருந்தால் அவர்களே இந்த வேட்டையின் தலைவர்கள்.

4. மனம் கவர்ந்த நூல்: பிரெஞ்சுப் புத்தகக் கடைகளைப் போல, பள்ளி நூலகத்தில் தமக்குப் பிடித்த நூலின் மேல் மாணவர் ஓரிரு வரி எழுதி ஒட்டட்டும். 'கூ த கேர்' என்ற தொடரும் நினைவில் நிற்கும், நூலும் அடுத்த கைக்குப் போகும்.

5. வினாத்தாளில் ஒரு மாற்றம்: 'பொருள் தருக' என்று தனிச்சொல்லைக் கொடுக்கும்போது மாணவரிடமிருந்து வினை, இனம், சார்பு மூன்றையும் நாம் பறித்துக்கொள்கிறோம். வகுப்புத் தேர்வுகளிலாவது சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பொருள் கேட்கலாம். ஒரே சொல் வரும் இரு வாக்கியங்களைக் கொடுத்து வேறுபாட்டைக் கேட்கலாம்.

இவை எதற்கும் தனிக் கருவியோ கூடுதல் பாடவேளையோ தேவையில்லை. ஒரு பழக்கம் மட்டும் போதும். 'ஐயா, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?', 'டீச்சர், இதுக்கு என்ன அர்த்தம்?' என்று ஒரு மாணவர் கேட்கும்போது உடனே பொருளைச் சொல்லிவிடாமல், 'எந்த வாக்கியத்தில் பார்த்தாய்? படித்துக் காட்டு' என்று கேட்போம். பல வேளைகளில், அந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் விடையை மாணவரே சொல்லிவிடுவார்.